சுழிக்குத் தகவல் தந்தவர்

கிணற்றுப் பாறையைத் துளைக்கிற கம்ப்ரஸர் வண்டி இரண்டு. செஞ்சி பஜாரில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை ஒன்று. அவலூர்பேட்டை ரோட்டில் கல்யாண மண்டபம். மண்டபம் கட்டிய இடம் முழுக்கப் பாறை. “இதுல கடக்கால் எடுக்கறதும் கோட்டைய நவுத்தி வைக்கிறதும் ஒண்ணுதாங்க” என்று சிரித்த என்ஜினியரை அடுத்த வருஷமே முதல் பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டேன். சிங்கவரம் பக்கம் நாலு பேர் பார்த்துவிட்டுப் பாறை என்று கைவிட்ட கிணற்றில் தண்ணீரை வரவழைத்தவன் நான்தான். மூன்று பெண்களைப் படிக்க வைத்தேன். அப்பன் வீட்டுச் சொத்து என்று எனக்கு வந்தது ஒரு கடப்பாரை. அதுவும் முனை மழுங்கியது.

இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டது சிமெண்டு மூட்டையிலும் பஸ் போர்டிலும் டீக்கடைப் பேப்பரிலும். இதையும் நானேதான் எழுதுகிறேன். பெரிய பெண் பிழை பார்த்தாள். அவள் திருத்தியதில் பாதியை நான் திரும்பவும் மாற்றிவிட்டேன், அவளுக்குத் தெரியாது.

இத்தனை கட்டியவனை ஒரே ஒரு சொல் இரண்டு மாதமாக அரித்துக்கொண்டிருக்கிறது. சுழி என்கிற சொல். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னவன் நான். புத்தகத்தில் அதற்குக் கீழே என் பெயர் இல்லை.

செஞ்சிப் பக்கத்துப் பேச்சு வழக்கையெல்லாம் சேர்த்து ஒரு சொற்புத்தகம் போடுவதாக ஒரு பேராசிரியை அம்மா வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். கூட்டிக்கொண்டு வந்தது என் மச்சான், என் மனைவியின் தம்பி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய பழக்கத்தில், இப்போதும் யார் எது பேசினாலும் கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டதாகவே நினைத்துக்கொள்வார்.

அந்த அம்மா கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செல்போனை மேசை மேல் வைத்துப் பதிவை ஓட விட்டார்கள். ஏரி, மதகு, தூம்பு என்று பேச்சு போனது. “சுழின்னு இந்தப் பக்கம் எதைச் சொல்வீங்க ஐயா?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

மச்சான் முந்திக்கொண்டார். “நீர் சுழல்கிற இடம் மேடம். நீர்ச்சுழல். மனக் கலக்கத்துக்கும் உவமையாகச் சொல்வது உண்டு.”

அந்த அம்மா எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அது தப்பு.”

“தப்பா ஐயா?”

“பாதி தப்பு. சுத்துற தண்ணியெல்லாம் சுழி இல்லம்மா. காத்துக்கும் தண்ணி சுத்தும். எருமை எறங்குனா சுத்தும். ஏரி நெறைஞ்சி கோடி வழிஞ்சி போவுற எடத்துல நெல்லாவே சுத்தும். அதெல்லாம் சும்மா. அடியில ஓட்ட இருக்கணும். அது வழியா தண்ணி எறங்கிப் போய்க்கினே இருக்கணும். அப்பதான் சுழி.”

“மாமா, அகராதியில அப்படி இல்ல” என்றார் மச்சான்.

“அகராதி ஏரியில எறங்கிச்சா?”

அந்த அம்மா சிரித்துவிட்டார்கள். செல்போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். அந்த நகர்த்தலைத்தான் நான் நம்பிவிட்டேன். இனிமேல் இது என் சொல் என்று நினைத்துக்கொண்டேன்.

வாயால் சொன்னால் போதாது என்று அடுத்த வாரமே என் காரில் சிங்கவரம் பக்கத்து ஏரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். மச்சானும் வந்தார், முன் சீட்டில். அந்த ஏரியில் இப்போதும் பழைய தூம்பு ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் இரண்டு கல் தூண், நடுவில் ஒரு கோல். கோலின் அடியில் மரத்தக்கை. தரையில் பதித்த கல்லில் ஒரு துளை, அதைத் தக்கை மூடியிருக்கும். கோலைத் தூக்கினால் தண்ணீர் துளையில் இறங்கி, கரைக்கு அடியில் ஓடி, அந்தப் பக்கத்துக் கால்வாயில் வரும். அவ்வளவுதான் சங்கதி. புது மதகுகளுக்கு இரும்புத் திருகு வைத்துவிட்டார்கள். நல்லதுதான். அந்தத் தக்கை போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

அந்தக் காலத்தில் தூம்பு அடைத்துக்கொண்டால் ஆள் முங்கித்தான் எடுக்க வேண்டும். முங்குவதற்கு முன்னால் சுழி பார்ப்பார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு கை மல்லாட்டைத் தோலை, அதாவது நிலக்கடலைத் தோலைத் தண்ணீரில் வீசுவார்கள். தோல் மல்லாந்து படகு மாதிரி மிதக்கும். அகலமாகச் சுற்றிவிட்டு ஓரம் ஒதுங்கினால் அது காற்று. சுற்றிக்கொண்டே நெருங்கி வந்து, ஒரு இடத்தில் நட்டுக்க நின்று, சொடுக்கென்று காணாமல் போனால் அது சுழி. கரைக்கு அந்தப் பக்கம் கால்வாயில் ஒருவன் நிற்பான். தோல் வெளியே வந்தால், “வந்துடுச்சி!” என்று கத்துவான். குரல் வந்தால் துளை இழுக்கிறது என்று அர்த்தம், முங்கக் கூடாது. குரல் வராவிட்டால் அடைப்பு, முங்கலாம்.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். கூலிக்கு முங்கப் போவேன். ஒரு நாள் தோலை வீசினார்கள். நான்கைந்து தோல் நட்டுக்க நின்று மறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. நின்றோம், நின்றோம், குரல் இல்லை. அடைப்புதான் என்று முடிவு கட்டி முங்கிவிட்டேன். உண்மையில் கரைக்கு அடியில் கோரைப் புல் வலை மாதிரி மாட்டியிருந்தது. தண்ணீர் அதன் இடுக்கில் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது, தோல் மட்டும் அதில் சிக்கிக்கொண்டது. நான் கையை விட்டு இழுத்ததும் கோரை மொத்தமாக விட்டுக்கொடுத்துவிட்டது. தண்ணீர் என் இடது கையைத் துளைக்குள் உறிஞ்சியது. தூக்கி நிறுத்தியிருந்த தக்கையையும் அதே இழுப்பு கீழே இறக்கியது. கை உள்ளே, தக்கை மேலே. பிடுங்கிக்கொண்டு மேலே வந்தபோது இரண்டு விரலுக்கு நுனி இல்லை.

காதை நம்பியது என் தப்பு. கண் பார்த்ததை விட்டுவிட்டு, குரலுக்குக் காத்திருந்தேன். இதை அந்த அம்மாவிடம் கரை மேல் நின்று சொன்னேன். விரலையும் காட்டினேன். மச்சான் அப்போது வேப்ப மரத்து நிழலில் நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கையோடு கொண்டுபோயிருந்த மல்லாட்டைத் தோலை வீசியும் காண்பித்தேன். அன்றைக்குத் தூம்பு லேசாகத் திறந்திருந்தது. மூன்றாவது தோல் நின்று மறைந்தபோது அந்த அம்மா, “ஐயோ!” என்று சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார்கள்.

“சரி ஐயா, கலக்கத்துக்கும் சுழின்னு சொல்வீங்களா? வீட்டுல பிரச்சினைன்னா?”

“சண்டைக்குச் சொல்ல மாட்டோம். சத்தம் போட்டு அடிச்சிக்கினா அது அலை மாதிரி, மேலோட ஆடும், அடங்கிடும். வெளியில ஒண்ணுமே தெரியாது, எல்லாம் ஒழுங்கா நடக்கற மாதிரியே இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள காலியாவும் பாரு, அதுக்குத்தான் சுழின்னு பேரு.”

அதற்கு ஒரு உதாரணமும் சொன்னேன். முதல் கம்ப்ரஸர் வண்டி வாங்கியபோது எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தினமும் வருவான், டீ குடிப்பான், “அண்ணே, அண்ணே” என்று குழைவான். ஒரு நாளும் முகம் கோணியதில்லை. ஆனால் வேலை குறைந்துகொண்டே வந்தது. கிணறு வெட்டக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். மழை சரியில்லை, அதனால்தான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்: “இன்னாங்க, இது மந்தம் இல்ல. சுழி. எங்கயோ கீழ போவுது, பாருங்க.” பார்த்தேன். கூட்டாளி பனமலைப் பக்கம் தன் மச்சினன் பேரில் தனி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். என் வாடிக்கையெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது.

“இந்த அர்த்தம் எந்த அகராதியிலயும் இல்ல ஐயா” என்றார்கள் அந்த அம்மா. அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். மாட்டுக்கு நெற்றியில் சுழி பார்ப்பதையும் கேட்டார்கள். அதைச் சந்தையில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், என் சொல் தூம்புச் சுழிதான் என்று சொல்லிவிட்டேன்.

நான் செய்த தப்பு அதற்கு அப்புறம்தான் நடந்தது. தகவல் தந்தவருக்கு என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர், தொழில், சொன்ன சொல், அதன் பொருள். அதற்குக் கீழே கல்வித் தகுதி. ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். அந்தக் கோடு நீளமாக இருந்தது. அந்த நீளத்தில் “மூன்று” என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மண்டபத்துக்கு வாசலில் தூண் வைத்தவனுக்கு அந்தக் கோட்டில் மூன்று எழுத்து வைக்க முடியவில்லை. படிவத்தை மச்சானிடம் தள்ளினேன்.

“நீயே எழுதிடு மச்சான், எனுக்குக் கண்ணாடி இல்ல.”

கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

மச்சான் எழுதினார். முத்து முத்தாக எழுதினார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு என் மண்டபத்தைக் கேட்டார்கள். சந்தோஷமாகக் கொடுத்தேன். வாழைமரம் கட்டச் சொன்னேன், மைக் செட்டுக்குச் சொன்னேன், வந்தவர்களுக்குக் கேசரி போடச் சொன்னேன். முதல் வரிசையில் என் பக்கத்தில் என் மனைவி. மேடையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். “செஞ்சி வட்டாரத்தின் நீர்ச் சொற்களை நினைவிலிருந்து அள்ளித் தந்த...” என்று மைக்கில் இழுத்தார்கள். வேட்டியைச் சரி செய்துகொண்டு பாதி எழுந்துவிட்டேன். மச்சான் பெயரைச் சொன்னார்கள்.

மனைவி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

என் பெயரும் வந்தது. கடைசியில். “மண்டபம் தந்து உதவிய...” என்று. எல்லாரும் கை தட்டினார்கள். கேசரிக்கும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள்.

அங்கேயே புத்தகத்தைப் புரட்டினேன். சுழி என்று ஒரு பக்கத்தில் பாதி. நான் சொன்னது சொன்னபடி இருந்தது. அடியில் திறப்பு இருந்தால்தான் சுழி. காற்றுக்குச் சுற்றுவது சுழி ஆகாது. மல்லாட்டைத் தோல் வீசிப் பார்ப்பது. வெளியே தெரியாமல் குடும்பமோ தொழிலோ சரிவது. உதாரணத்துக்கு, “இது மந்தம் இல்ல. சுழி. எங்கயோ கீழ போவுது.” எல்லாம் அச்சாக. கீழே சின்ன எழுத்தில் தகவல் என்று போட்டு மச்சான் பெயர், கமா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

முதல் பக்கத்தில் நன்றி என்று ஒரு பட்டியல். அதில் மண்டபத்துக்காக என் பெயர். அதிலும் இனிஷியல் தப்பு.

பந்தியில் மச்சானைப் பிடித்தேன். சால்வையை இன்னும் கழற்றவில்லை அவர்.

“இன்னா மச்சான், நீ எப்போ ஏரியில முங்குன?”

“மாமா, இங்க வேணாம். எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். கைய நீட்டு, விரல எண்ணலாம்.”

“நீங்கதானே எழுதிக்கோன்னு சொன்னீங்க?”

“எழுதுன்னு சொன்னேன். எம் பேர எழுதுன்னு அர்த்தம். உம் பேர எழுதிக்கோன்னா சொன்னேன்?”

“கல்வித் தகுதின்னு கேட்டிருந்தாங்க. அதுல உங்களுக்கு இன்னான்னு எழுதறது? அதான் மதிப்பா இருக்கட்டும்னு...”

“யாருக்கு மதிப்பா?”

மச்சான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். ஒரு காகிதத்தில், இந்தத் தகவல் என் மாமா தந்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு, நான் பேராசிரியை அம்மாவிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“அப்படிப் போட்டா நான் பொய் சொன்னவன்னு ஆயிடும் மாமா. நான் பாடம் சொன்ன பசங்க வந்திருந்தாங்க விழாவுக்கு.”

“பொய்தானே சொன்ன?”

“ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லலாம். எனக்கும் அதுல பங்கு இருக்குது.”

“இன்னா பங்கு?”

“நீங்க ‘ஓட்ட’ன்னு சொன்னீங்க. ‘திறப்பு’ன்னு எழுதிக் குடுத்தது நான்.”

இதைச் சிரிக்காத முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். அறைந்திருப்பேன். அவர் மனைவி காப்பி கொண்டு வந்துவிட்டாள். காப்பியைக் குடிக்காமல் வந்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டில் காப்பி குடிக்காமல் வந்தது அன்றுதான்.

பேராசிரியை அம்மாவுக்குப் போன் போட்டேன். பாவம், அவர்கள் மறுக்கவில்லை.

“ஒலிப்பதிவுல இருக்கறது உங்க குரல்தான் ஐயா. எனக்கும் தெரியும். ஆனா பெயர் போடற வேலைய வேற ஆளுங்க படிவத்தப் பார்த்துப் பண்ணிட்டாங்க. நான் கடைசியில சரிபார்த்திருக்கணும். பார்க்கல.”

“இப்போ மாத்துங்கம்மா.”

“அச்சாயிடுச்சே. அடுத்த பதிப்புல பார்க்கலாம் ஐயா.”

“அடுத்த பதிப்பு எப்போ வரும்?”

“இது வித்து முடிஞ்சதும்.”

“எனுக்கு இப்பவே எழுவது ஆயிட்டுது, இன்னும் எத்தினி வருசம் இருக்கணும்?”

“பிழைதிருத்தம்னு ஒரு சீட்டு ஒட்டலாம். அதுக்கு நீங்க கைப்பட எழுதிக் குடுக்கணும். படிவத்தையும் மறுபடி நிரப்பணும், எல்லாக் கட்டத்தையும். குழுவுல வைக்கிறேன்” என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரைந்தேன். அவள் தம்பி என்பதால் அவளிடம் இரைவது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் இல்லாவிட்டால் அந்தச் சொல்லே இல்லை, விரலைக் கொடுத்து வாங்கிய சொல், அதைச் சாக்பீஸ் பிடித்த கை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“தம்பி பண்ணது தப்புதான். நான் அவன் பக்கம் பேசல. ஆனா அந்தக் கடைசி வாக்கியம் இருக்குதே, ‘எங்கயோ கீழ போவுது’ன்னு, அத யார் சொன்னது?”

“அது... நீதான் சொன்ன.”

“அந்த அம்மாகிட்ட அத நான் சொன்னதுன்னு சொன்னீங்களா?”

சொல்லியிருந்தேன். ‘என் வூட்ல சொன்னாங்க’ என்று சொல்லியிருந்தேன். அதைச் சொன்னேன்.

“வூட்ல. செவுரா சொல்லிச்சி?” என்று கீரைக் காம்பைத் தூக்கித் தட்டில் போட்டாள்.

இரண்டு நாள் அதே நினைப்புதான். மச்சான் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் முழுக்கப் பிடிக்கவில்லை. நான் சொன்னது வேறு, அவர் செய்தது வேறு. ஆனாலும் எழுதும்போது அதைத் தள்ளிவிட்டு எழுத முடியவில்லை. கூட்டாளி வண்டியைக் கண்டுபிடித்தது நான். சுழி என்று சொன்னது அவள்.

அதனால் கைப்பட எழுதிவிட்டேன். படிவத்தையும் நிரப்பிவிட்டேன். நீளக் கோட்டில் மூன்றாம் வகுப்பு என்று எழுதினேன். எழுதிவிட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தேன், யாரும் பாவம் பார்த்து அழித்துவிடக் கூடாது என்று. சீட்டில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், குழுவில் இருக்கிற படித்தவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சுழி என்கிற சொல்லுக்குத் தகவல் தந்தவன் நான். என் பெயர், சரியான இனிஷியலோடு. தொழில் என்ற இடத்தில் மண்டபம் வேண்டாம், கடை வேண்டாம், கிணறு வெட்டுபவர், முன்பு தூம்பு முங்கியவர் என்று போடுங்கள். உதாரண வாக்கியத்துக்கு என் மனைவி பெயர் தனியாக வர வேண்டும், வீட்டார் என்று அல்ல. மச்சான் பெயரை எடுத்துவிடுங்கள். ‘திறப்பு’ என்கிற வார்த்தை வேண்டுமானால் அவருடையதாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதல் பக்கத்து நன்றியையும் அடித்துவிடுங்கள். மண்டபத்தை யார் கேட்டாலும் கொடுப்பேன். சொல்லைத் தந்தவன் என்று போடுங்கள்.